எண்பத்து நாலிலேயே நிற்கிறது

அந்தத் துணிக்கடைக்கு நான்கு தளம். மூன்று தளம் கண்ணாடியும் வெளிச்சமும் குளிர்காற்றுமாக இருக்கும். நான்காவது தரைக்குக் கீழே. மேலே உடுப்பு வாங்குகிறவர்கள் கால் நீளம், கை குட்டை, இடுப்பில் நிற்கவில்லை என்று குறை சொன்னால், அந்த உடுப்பு ஒரு சீட்டைக் குத்திக்கொண்டு கூடையில் கீழே இறங்கிவரும். கீழே இரண்டு டியூப் லைட், மூன்று தையல் மிஷின், ஒரு இஸ்திரி மேஜை. நடு மிஷினில் இருப்பவளுக்குக் கடை முழுக்க டேப்பக்கா என்றுதான் பெயர். அளவு டேப் இல்லாத கழுத்தோடு அவளை யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதுமா என்று இஸ்திரிக்காரர் ஒருமுறை கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாக ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவள் தன் இடுப்பை மட்டும் அளந்ததில்லை. அளக்க நூற்றைம்பது சென்டிமீட்டர் டேப் போதாது என்பது ஒரு காரணம். கல்யாணம் ஒன்று நடந்தது. நடந்த வேகத்தைவிடச் சீக்கிரமாக முடிந்தும் போனது. அதன்பிறகு ஒற்றை அறை வீடு, மிஷின், தம்பி குடும்பம், இவ்வளவுதான். எடை நூற்றுப் பதினெட்டு. அதைப் பற்றி அவளுக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை.

ஆகவே அவள் எடை குறைக்க அறுவை செய்துகொண்டாள் என்று கேள்விப்பட்டதும், மேல்தளத்துப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். இந்த வயசில் யாருக்காக இந்த அழகு என்று ஒருத்தி கேட்டாளாம். அழகாவது மண்ணாவது! தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, அதுதான் சங்கதி. லிஃப்ட் மெக்கானிக்காக மாடி மாடியாக ஏறி இறங்கியவன், வாரத்துக்கு மூன்று நாள் நாலு நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மிஷினில் கையைக் கொடுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தான். ஒரு சிறுநீரகத்தை நான் தருகிறேன் என்று அக்காக்காரி போய் நின்றாள். எல்லாச் சோதனையும் முடிந்து டாக்டர் சொன்னார்:

“ரத்தம் சேருது, மத்ததெல்லாம் சேருது. எடைதாம்மா சேரல. இவ்வளவு எடையோட உங்ககிட்டருந்து எடுத்தா அப்புறம் உங்களுக்கே ஆபத்து. எண்பதுக்குக் கீழ வாங்க, பேசலாம்.”

தம்பியின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. “நான் தர்றேனே” என்றாள். தம்பி கையை ஓங்காத குறை. “நீயும் படுத்து நானும் படுத்தா புள்ளைங்களை யாரு பாக்குறது? அக்கா தர்றேன்னு சொல்லிருச்சு. அது சொன்னா சொன்னதுதான்.”

அது சொன்னால் சொன்னதுதான். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டேப்பக்காவும் வைத்துக்கொண்டிருந்தாள்.

இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி மூடிவிடுவோம் என்று அறுவை டாக்டர் படம் வரைந்து காட்டினார். டேப்பக்கா படத்தை உற்றுப் பார்த்தாள்.

“எந்த நூல்ல தைப்பீங்க?”

“நூல் இல்லம்மா, பின் அடிக்கிற மாதிரி ஒரு கருவி.”

“பிரிஞ்சிராதா?”

“அது பிரியாது. ஆனா நீங்க அசட்டையா இருந்தா வயிறு மெல்ல மெல்ல விரிஞ்சு குடுக்கும்.”

“துணியும் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவைக்குப் பிறகு எடை பேய் விரட்டியது போல இறங்கியது. முதல் மாதம் பதினோரு கிலோ. அரை முட்டை தின்றால் நெஞ்சுவரை நிரம்பிவிடும். வாரத்துக்கொரு தடவை தன் சீருடைச் சட்டையைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். பிடித்த துணியை உள்ளே அப்படியே விட்டுவைத்தாள். உள்துணியை வெட்டுகிறவன் தையற்காரனே இல்லை, கொலைகாரன் என்பது அவள் கட்சி. “கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையாயிருச்சே” என்று இஸ்திரிக்காரர் சொன்னார். தன்னைவிடப் பத்து வயது சின்னவளை அக்கா என்று கூப்பிடும் மனுஷர் அவர். “யாரைக் கழுதைங்கிறீங்க அண்ணே?” என்று இவளும் கேட்டாள். எட்டாம் மாதம் எடை எண்பத்து நாலு. இன்னும் நாலே கிலோ. தம்பி காலண்டரில் மாதத்தைக்கூடக் குறித்துவிட்டான்.

அங்கேதான் நின்றது.

ஒரு வாரம் எண்பத்து நாலு. அடுத்த வாரமும் எண்பத்து நாலு. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மாளை எல்லாரும் டயட் மேடம் என்பார்கள். “எல்லாருக்கும் ஒரு இடத்துல இப்படி நிக்கும்மா. உடம்பு பயந்துபோய் இருக்கிறதைக் கெட்டியாப் பிடிச்சுக்குது. நீங்க பயப்படாம, சாப்பிடுறதையெல்லாம் எழுதுங்க, நடங்க, மாசாமாசம் என்னை வந்து பாருங்க” என்றார் அவர். எழுதினாள், நடந்தாள். பதினோரு வாரம் எண்பத்து நாலு. வீட்டு எடை மிஷினுக்கு இரண்டு முறை பேட்டரி மாற்றிப் பார்த்தாள். வாயில் வந்தபடி திட்டியும் பார்த்தாள். பன்னிரண்டாம் வாரம் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

டயட் மேடத்திடம் ஒரு மாதம் போகவில்லை, பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடந்தது. மறுமாதம், போன மாதம் போகாததால் போகவில்லை. அதற்கடுத்த மாதம் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி வீட்டுக்குப் போவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் கேட்பான், “எவ்வளவுக்கா?”

“எண்பத்து நாலுலயே நிக்குதுடா.”

முதல் சில வாரம் அது சத்தியமான உண்மை. பிறகு அது ஒரு பதில், அவ்வளவே. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவள் புளுகு ஏழு மாதம் ஓடியது. காரணம், அதைப் புளுகு என்று யாரும் நினைக்கவில்லை; அவளே முழுசாக நினைக்கவில்லை. தம்பி வேறு சமாதானம் சொல்வான். “நாலு கிலோதானே. அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும். என்னைப் பாரு. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான்னு சொல்லிருக்காங்க. தாகம் தாங்காம ஒரு டம்ளர் கூடக் குடிச்சா, மறுநாள் தராசுல ஏத்தி சிஸ்டர் கண்டுபிடிச்சிருது. நீ கொழுப்பு, நான் தண்ணி. தராசுக்குன்னே பொறந்திருக்கோம் ரெண்டு பேரும்.” அவள் சிரித்துவைப்பாள்.

அந்த ஏழு மாதத்தில் கீழ்த்தளத்தில் நடந்தது இதுதான். கறித்துண்டோ முட்டையோ இரண்டு வாய்க்கு மேல் இறங்காத அந்தச் சின்ன வயிற்றில், டீயில் நனைத்த பிஸ்கட் மட்டும் சத்தமில்லாமல் இறங்கியது. நெஞ்சை அடைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. பத்து பேண்ட்டுக்கு ஓரம் மடித்தால் ஒரு பிஸ்கட் என்று ஆரம்பித்தாள். பிறகு ஐந்து பேண்ட்டுக்கு ஒன்று. அப்புறம் பேண்ட்டையும் எண்ணவில்லை, பிஸ்கட்டையும் எண்ணவில்லை. ருசிக்காகத் தின்றாளா என்றால் அதுவும் இல்லை. வாயில் ஏதோ கரைந்தது, மிஷின் ஓடியது, பொழுது போனது.

மற்ற மனுஷர்களாக இருந்தால் உடுப்பு காட்டிக்கொடுத்திருக்கும். பொத்தான் இழுக்கும், அக்குள் பிடிக்கும், கண்ணாடி முன் நின்று அடப்பாவி என்று தலையில் கைவைப்பார்கள். இவளோ தையற்காரி. சட்டை எங்கேயாவது லேசாக இழுத்தால், மூக்கு அரித்தால் சொறிந்துகொள்வது போலக் கை தானாகப் போகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, சட்டையைக் கழற்றிப் பக்கத் தையலைப் பிரிப்பாள்; அரைக்கால் அங்குலம் விட்டுத் தைப்பாள்; மாட்டிக்கொள்வாள். ஐந்து நிமிஷ வேலை. அன்று சாயங்காலம் கேட்டால், அப்படியொன்று செய்தது அவளுக்கே ஞாபகம் இருக்காது. சட்டை எப்போதும் அளவாகவே இருந்தது. உள்ளேதான் வேண்டிய மட்டும் துணி இருந்ததே.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தம்பி மனைவி போன் செய்தாள்.

“அக்கா, கைநரம்பு அடைச்சிருச்சாம். மிஷினுக்கு ஊசி போட முடியல. இப்பக் கழுத்துல குழாய் போட்டிருக்காங்க.”

“வலிக்குதாமா?”

“வலியை எங்க சொல்றாரு. டாக்டர்தான் சொன்னாரு, இதுலயே ரொம்ப நாள் ஓட்ட முடியாதுன்னு. உங்க எடையைக் கேட்டாரு. எண்பத்து நாலுலயே நிக்குதுன்னு சொன்னேன். அதுவே போதுங்கிறாருக்கா. ஆஸ்பத்திரிக் குழுவுல பேசி நாலு கிலோவை விட்டுக்குடுக்கச் சொல்றேன்னாரு. வெள்ளிக்கிழமை நீங்க வந்து ஒருதடவை தராசுல ஏறிட்டாப் போதுமாம். புள்ளைங்ககிட்டகூடச் சொல்லிட்டேன்.”

போனை வைத்துவிட்டு டேப்பக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு துண்டைப் போர்த்திக்கொண்டு சட்டையைக் கழற்றினாள். உள்பக்கத்தை வெளியே திருப்பி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

தையலைப் பிரித்தாலும் ஊசித் துளை போகாது. எந்தத் தையற்காரியைக் கேட்டாலும் சொல்வாள். பக்கவாட்டில் வரிசை வரிசையாகத் துளைகள், ஒன்றுக்கொன்று அரைக்கால் அங்குல இடைவெளியில். எண்ணினாள். ஆறு வரிசை. முன்னும் பின்னும், இரண்டு பக்கமும் சேர்த்தால் மூன்று அங்குலம். தன் கைதான் தைத்திருக்கிறது. கோணலே இல்லாத நேர்த்தியான வேலை.

சட்டையை மாட்டிக்கொண்டு, கிடங்கில் பார்சல் நிறுக்கிற தராசில் போய் ஏறினாள். பின்னாலேயே வந்த இஸ்திரிக்காரர், “என்னக்கா, எந்த ஊருக்குப் பார்சல்?” என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எண்ணையும் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார். தொண்ணூற்றொன்று. அழுகை வரும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். வரவில்லை. கூடையில் பதினாலு பேண்ட் கிடந்தது, எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறைக்குப் போகாமல் நேராக மிஷின் அறைக்குப் போனாள். தம்பி படுத்திருந்தான். கழுத்தில் பிளாஸ்திரி, அதிலிருந்து இரண்டு குழாய். காலடியில் ஸ்டூல் போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவன் கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினான்.

“ஏறிட்டியாக்கா?”

“எண்பத்து நாலு இல்லடா.”

அவன் முகம் மலர்ந்தது. “எண்பத்து மூணா?”

இதை மட்டும் அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. “தொண்ணூத்தி ஒண்ணு” என்றாள்.

மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் மனைவி எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

“எப்பலேருந்து?”

“தெரியல. ஏழு மாசமா நான் ஏறியே பாக்கல.”

“வாராவாரம் கேட்டேனே.”

“கேட்ட.”

அவன் கூரையைப் பார்த்தபடி பேசினான், குரல் உயரவில்லை. “முடியலன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வேற வழி பாத்திருப்பேன். இவளை டெஸ்டுக்கே போக விடாம வெச்சிருந்தேன். உன்கிட்ட நான் கேக்கவே இல்லக்கா. நீயாத்தான் தர்றேன்னு சொன்ன.”

என்ன சொன்னாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அவன் கண்ணை மூடிக்கொண்டதும் வெளியே வந்துவிட்டாள்.

மறுநாளே அவன் மனைவி சோதனைக்குப் போனாள். பத்து நாளில் முடிவு வந்தது. அவளுக்குச் சர்க்கரை ஆரம்பித்திருந்தது, இனி ஆயுசுக்கும் அவள் யாருக்கும் தர முடியாது. போனில் இதைச் சொல்லிவிட்டு, “டாக்டர் மறுபடி உங்களைத்தான் சொல்றாருக்கா” என்றாள். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று டேப்பக்காவுக்கு இருந்தது.

டயட் மேடம் வறுத்தெடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். அவரோ நாற்காலியைக் காட்டினார். “ஏறுனது பெரிய அதிசயம் இல்லம்மா. ஆபரேஷன் பண்ணவங்கள்ல நிறைய பேருக்குக் கொஞ்சம் திரும்ப ஏறத்தான் செய்யும். முதல் மூணு கிலோவுலயே வந்திருந்தீங்கன்னா பத்து நிமிஷப் பேச்சோட முடிஞ்சிருக்கும்.”

“தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னன்னு இருந்துட்டேன்.”

“சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் இருக்குன்னு நீங்களே எனக்குச் சொல்லணும். டேப்பை நீங்கதானே போட்டிருக்கீங்க.”

பிஸ்கட்டைப் பற்றிச் சொன்னாள். கடிச்சு மெல்ற சாப்பாட்டைத்தான் அந்த வயிறு நிறுத்தும், கரைஞ்சு போறதுக்கு அங்கே கதவே கிடையாது என்று அவர் விளக்கினார். ரத்தச் சோதனைக்கு எழுதிக்கொடுத்தார். முட்டை, கறி, பருப்பு முதலில். சாப்பிடும்போது டீயும் தண்ணீரும் கூடாது. வேலை செய்யும் இடத்தில் தின்பதற்கு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசியாக, “வாரத்துக்கு ஒருநாள் ஏறிப் பாருங்க. அந்த நம்பரை யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிருங்க. ஏறுனாலும் சொல்லணும், இறங்குனாலும் சொல்லணும்” என்றார்.

அன்று மதியம் இஸ்திரிக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்க, டேப்பக்கா தன் சட்டையின் உள்துணியைக் கத்தரித்துக் கீழே போட்டாள். மிச்சம் வைக்காமல் இரண்டு பக்கமும் வெட்டினாள். பிஸ்கட் டப்பாவை அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். “நான் என்னக்கா பாவம் பண்ணேன்?” என்று கேட்டுவிட்டு அவர் டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

யாராவது ஒருத்தர் என்றால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? திங்கட்கிழமை காலையில் கட்டிலுக்கடியிலிருந்து எடை மிஷினை இழுத்துத் துடைத்து ஏறினாள். தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்: 90.6. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

அடுத்த திங்கள் 90.1. பதில் இல்லை. அதற்கடுத்தது 89.7. அதற்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே போவதை நிறுத்தியிருந்தாள். போகாதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நடந்தாள், முட்டையை மென்றாள், தைத்தாள். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. யாருடைய உடம்பையோ வாடகைக்கு எடுத்துப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

நாலாவது திங்கட்கிழமை 89.9.

இறங்கி, மறுபடி ஏறினாள். 89.9. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற சங்கதி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். அந்த வாரம் ஒரு தப்பும் செய்யவில்லை. 89.7 என்று அனுப்பினால் யாருக்குத் தெரியும்? நிற்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். விரல் ஏழின் மேல் போய்ப் போய் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் 89.9 என்றே அடித்து, ‘இருநூறு கிராம் ஏறிருச்சு’ என்று அதற்குக் கீழே எழுதி அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

கடைக்கு வந்து முதல் பேண்ட்டைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. தம்பி.

“ஏறிருச்சா?”

“ஆமாடா. இருநூறு.”

அவன் பக்கத்தில் மிஷின் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை, அங்கேதான் படுத்திருப்பான்.

“எனக்கு இன்னிக்கு மூணு கிலோ. ரெண்டு நாளா தாகம் தாங்கல, குடிச்சிட்டேன். சிஸ்டர் இப்பதான் திட்டிட்டுப் போச்சு.”

“ஏன்டா இப்படிப் பண்ற?”

“நீ கேக்குறியா?”

அவள் பேண்ட்டை மிஷின் மேல் வைத்தாள். அவனே தொடர்ந்தான்.

“ஞாயித்துக்கிழமை வா. என் பேண்ட்டுக்கு இடுப்பைப் பிடிச்சுக் குடு. நிக்க மாட்டேங்குது.”

“எந்த பேண்ட்டு?”

“எல்லாந்தான்.”

“தண்ணிதான் ஏறுதுன்ன?”

“தண்ணிதான் ஏறுது. அதை எடுத்துட்டா உள்ள ஒண்ணும் இல்லக்கா.”

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். பேண்ட்டை ஊசிக்கடியில் கொடுத்து மிதித்தாள். தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்து மறுபடி தைத்தாள், மறுபடியும் கோணியது. மாதக்கணக்காக மரத்துக் கிடந்த இடத்தில் அவளுக்குப் பயம் வந்திருந்தது. “என்னக்கா?” என்றார் இஸ்திரிக்காரர். “என் தம்பி செத்துருவான் போலிருக்கு அண்ணே” என்று சொல்லிவிட்டு, மிஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.